குப்பையைப் பிரித்தவள்

எங்கள் பக்கத்தில் சண்டை போடும்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, கோயமுத்தூர்க்காரர்கள் எவ்வளவு மரியாதையானவர்கள் என்று மெச்சிக்கொண்டு ரயிலேறுகிறார்கள். அவர்களுக்கு என் மச்சாண்டாரைத் தெரியாது. என் வீட்டுக்காரரின் அண்ணன் அவர். சாதாரண நாளில் என்னை வா, போ என்றுதான் பேசுவார். கோபம் ஏற ஏறத்தான் அவருக்கு மரியாதை கூடும். ஒரே மூச்சில் நாலைந்து 'ங்க' வந்துவிட்டால் அன்றைக்கு ஏதோ வில்லங்கம் வீடு தேடி வந்திருக்கிறது என்று அர்த்தம். கல்யாணமான முதல் வருஷத்திலேயே இதை நான் கற்றுக்கொண்டேன். அந்த வீட்டில் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

நான் பிறந்தது கருமத்தம்பட்டியில், வாசலைத் தாண்டினால் விசைத்தறி ஓடுகிற வீட்டில். எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. பேசினால் காதில் விழாது. காரமடைக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்கு முதலில் பிடித்தது மாப்பிள்ளையை அல்ல, அந்தத் தோட்டத்தின் சத்தமில்லாமையை. மாடு அசை போடுவது கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் வருவது கேட்டது. இனிமேல் இந்த இடத்தை விட்டு யார் கிளப்பினாலும் கிளம்புவதில்லை என்று முதல் வாரத்திலேயே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

மச்சாண்டாருக்கோ நான் வந்ததே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த உறம்பரைச் சொந்தங்களிடம் என் காதுபடச் சொன்னார்: "தறிக்கார ஊட்டுப் புள்ளைங்க. பாவம், அதுக்கு மண்ணைப் பத்தி என்னங்க தெரியும்?" நான் காபியை மேசையில் சத்தம் வரும்படி வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஆகவில்லை. ஆகவேண்டும் என்று நான் ஆசைப்படவுமில்லை.

பாகப்பிரிவினை நான் வருவதற்கு முந்தியே முடிந்திருந்தது. மேல்தோட்டம் அண்ணனுக்கு, கீழ்த்தோட்டம் தம்பிக்கு, நடுவில் கிளுவை வேலி. கிணறு மட்டும் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வோம். கிணறு மேல்தோட்டத்தில் இருந்ததால் எங்கள் முறைத் தண்ணீரும் அவர் வயலுக்குள் புகுந்து ஓடி வந்துதான் எங்கள் வயலில் விழும். இன்னொன்றும் பொதுவாக இருந்தது. அது குப்பைக்குழி.

அது என் மாமியார் செய்துவிட்டுப் போன ஏற்பாடு. நிலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், மாட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள், பாத்திரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், குப்பையை மட்டும் பிரிக்காதீர்கள் என்று மகன்களிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு வீட்டுச் சாணியும் ஒரே குழியில் விழுகிற வரைக்கும் பிள்ளைகள் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று அந்த அம்மாளுக்கு நினைப்பு. நான் வந்தபோது அவர் இல்லை. குழி இருந்தது. மழைத் தண்ணீர் தேங்கி, இரண்டு வீட்டுச் சாணியும் சாம்பலும் விளக்குமாற்றுக் கட்டையும் தலைமுடியும் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த ஷாம்பூப் பாக்கெட்டும் எல்லாமாகக் கிடந்தன. யாரும் அதைக் கிளறியதில்லை. சித்திரையில் வண்டி கட்டி அள்ளி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு கூடை கூடாது, ஒரு கூடை குறையாது. அளவில் மட்டும் என் மச்சாண்டாரைப் போல நியாயவான் கிடையாது.

என் வீட்டுக்காரர் கோயமுத்தூரை ஒட்டின கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் மொபெட்டை எடுத்தால் பொழுது சாயத்தான் வருவார். அதனால் கீழ்த்தோட்டத்துப் பண்ணயம் என் தலையில் விழுந்தது. நான் விரும்பித்தான் எடுத்துக்கொண்டேன். மஞ்சள்தான் எங்கள் முக்கிய வெள்ளாமை. வைகாசியில் நட்டு, தை மாசியில் வெட்டி எடுப்போம். இலை என் தோளுயரம் வளர்ந்து நிற்கும்போது நடுவில் நடந்து போவேன். அந்த நடை எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசியில் அந்த இலையெல்லாம் ஓரத்திலிருந்து வெளிற ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்தேன். இரண்டு முறை பாய்ச்சினேன். இன்னும் மோசமானது. ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பிடுங்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. அடியில் தண்டு கொழகொழவென்று இருந்தது. கிழங்கை அமுக்கினால் விரல் உள்ளே போனது. அந்த நாற்றத்தை மறக்க முடியாது. அடுத்த தூரும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. அந்த வருஷம் நாங்கள் வெட்டி எடுத்ததை மஞ்சள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

எங்கிருந்து வந்தது இந்தச் சீக்கு என்று எனக்குப் புரியவில்லை. விதை மஞ்சள் நல்ல மஞ்சள். புதிதாக நான் வயலில் சேர்த்தது சித்திரையில் இறைத்த குப்பை மட்டும்தான். ஒரு தட்டுக்குச்சியை எடுத்துக்கொண்டு போய்க் குழியை ஓரமாகக் குத்திக் கிளறினேன். கறுத்த சாணிக்கு நடுவில் ஒரு அடுக்காக மஞ்சள் நிறம் தெரிந்தது. அழுகின கிழங்குகள். முந்தின வருஷத்துச் சரக்கு, சித்திரையில் அள்ளும்போது ஓரத்தில் தங்கிவிட்டது. சில இன்னும் உருக்குலையாமல் அப்படியே கிடந்தன. அவை எங்கள் வயலில் விளைந்தவை இல்லை. முந்தின வருஷம் எங்கள் வயலில் ஒரு தூர்கூட அழுகவில்லை.

ஒன்றை எடுத்து ஓலைத்துண்டில் வைத்துக்கொண்டு நேராக மேல்தோட்டத்துக்குப் போனேன். மச்சாண்டார் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இது போன வருஷம் உங்க வயல்ல அழுகினதுதானுங்களே?"

அவர் கிழங்கைப் பார்க்கவில்லை. "அந்த வார்த்தையை இந்த ஊட்ல சொல்லக் கூடாதுங்க அம்மணி."

"எந்த வார்த்தைங்க?"

"மஞ்சளைப் போயி அப்படிச் சொல்லுவாங்களா? எறங்கிப்போச்சுன்னு சொல்லோணுமுங்க."

"சரிங்க. எறங்கிப்போனதை எதுக்குங்க குழியில போட்டீங்க?"

"வேற எங்கீங்க போடறது? மகாலட்சுமியைத் தீயில போடச் சொல்றீங்களா? தடத்துல வீசி நாலு பேரு மிதிக்கட்டும்னு சொல்றீங்களா? குப்பையில சேத்துனா மண்ணுக்குப் போயிச் சேந்துருமுங்க. எங்கம்மா அப்படித்தானுங்க செய்யும்."

எனக்கு அதிகமாக எரிந்தது எதனால் என்றால், அவர் அதில் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார்கள், குளிரவைக்கச் சொல்வார்கள். மஞ்சளை எரிக்க மாட்டார்கள். மஞ்சள் அழுகிற்று என்று வாயால் சொல்ல மாட்டார்கள். சொல்லாததால்தான் எங்களுக்கும் தெரியவில்லை. தம்பியிடம்கூட மூச்சு விடாமல், வயலில் செத்த கிழங்கையெல்லாம் பயபக்தியோடு பொதுக்குழியில் சேர்த்து, மாசக்கணக்கில் ஊறவைத்து, ஒரு கூடை குறையாமல் அளந்து என் வயலுக்கு அனுப்பியிருக்கிறார். தன் வயலுக்கும் இறைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வருஷம் அவர் மஞ்சளும் மறுபடி போயிற்று. அப்போதும் அவர் குழியைச் சந்தேகப்படவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற என்னைத்தான் சந்தேகப்பட்டார். நான் வந்ததிலிருந்துதான் தோட்டத்துக்கு ஆகவில்லை என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. கிளப்பியது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரமாகவில்லை.

என் வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். அதுவே எனக்குப் பெரிய சண்டை. அறுவடை முடிந்த வாரம் மொபெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பட்டறைக்குப் பக்கத்துல லைன் ஊடு ஒண்ணு காலியாகுது. இன்னொரு வருசம் பாப்பம். மஞ்சள் இப்படியே போச்சுன்னா அண்ணங்கிட்டவே தோட்டத்தை உட்டுப்போட்டு நாம கணபதிக்கே போயிரலாம் அம்மணி."

அந்த லைன் வீட்டை நான் பார்த்திருந்தேன். வரிசையாக ஏழெட்டு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குழாய். பின்சுவருக்கு அந்தப் பக்கம் லேத் ஓடினால் இந்தப் பக்கம் அலமாரியில் டம்ளர் நடுங்கும். தறிச் சத்தத்திலிருந்து தப்பித்து வந்தவள் லேத் சத்தத்தில் போய் விழுவதா? அதுவும் என் வயலை இந்த மனுஷன் கையில் கொடுத்துவிட்டா? ஒரு வருஷம்தான் கெடு. அன்றைக்கு நான் சோறு போடும்போது தட்டை வைத்த சத்தம் மேல்தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் அழுகின கிழங்கு இரண்டை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, கோயமுத்தூர் விவசாயக் காலேஜுக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். காலேஜில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் முதலில், "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார். "அவருக்கு மஞ்சளைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன். அதற்குப் பிறகு ஒழுங்காகப் பேசினார். கிழங்கைக் கத்தியால் கீறிப் பார்த்துவிட்டு, இது மண்ணிலிருந்து வருகிற பூஞ்சாணம் என்றார். கொஞ்ச வருஷம் மஞ்சளை விட்டுவிட்டு வேறு பயிர் வையுங்கள் என்றார். எனக்கு அவ்வளவு அவகாசம் இல்லை என்றேன். அப்படியானால் வடிகால் எடுத்துவிடுங்கள், நோயில்லாத விதை வாங்குங்கள், முக்கியமாக அந்தக் குப்பையை மாற்றுங்கள் என்றார்.

குப்பை வேகவேண்டும் என்று அவர் சொன்னதை நான் முதலில் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். குழியில் தண்ணீரில் ஊறிக் கிடக்கிற குப்பை வெறும் அழுகல். நோய்க்கு அது தொட்டில். மேட்டில் குவித்து, பச்சையும் காய்ந்ததும் அடுக்கி, பிழிந்த துணியின் ஈரத்தில் வைத்து, அடிக்கடி புரட்டினால் அது உள்ளேயிருந்து சூடேறும். அந்தச் சூட்டில் கெட்ட பூஞ்சாணம் சாகும். ஆறியபிறகு அங்கே நல்ல பூஞ்சாணம் குடியேறும், காலேஜில் விற்கிற நல்ல பூஞ்சாணப் பொடியையும் கலந்தால் சீக்கிரம் குடியேறும். அதை வயலில் போட்டால், கெட்டது மறுபடி தலையெடுக்கும்போது நல்லது அதைச் சுற்றி வளைத்து, அதன் சாப்பாட்டையும் இடத்தையும் பிடுங்கிக்கொண்டு, சமயத்தில் அதையே தின்றுவிடும். பேர்தான் நல்ல பூஞ்சாணம், செய்வதெல்லாம் பங்காளி வேலை. கேட்கக் கேட்க எனக்கு அதை மிகவும் பிடித்துப்போயிற்று.

திரும்பி வந்ததும் எங்கள் மாட்டுச் சாணியைப் பொதுக்குழிக்கு அனுப்புவதை நிறுத்தினேன். கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் கட்டுத்தரைக்குப் பின்னால் மேடான இடத்தில் குவிக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். என் ஓரகத்தி, மச்சாண்டாரின் சம்சாரம், வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏனம்மணி, உங்க மாடு சாணி போடறதை நிறுத்திருச்சா?"

"போடுதுங்க அக்கா. நல்லாப் போடுது."

"குழிக்கு வரக் காணமே?"

"இனி வராதுங்க."

அவள் வாயில் கை வைத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து வந்துவிட்டது. மச்சாண்டார் பங்காளிகளில் மூத்தவர் ஒருவரைத் துண்டும் கைத்தடியுமாக அழைத்து வந்து எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அந்தப் பெரியவர் என் காபியைக் குடித்துவிட்டு, எனக்கே புத்தி சொன்னார். சொத்தைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறாராம். சோற்றுப் பானையைப் பிரித்தவர்களையும் பார்த்திருக்கிறாராம். குப்பையைப் பிரித்தவளை இப்போதுதான் பார்க்கிறாராம்.

"அம்மா சொல்லிப்போட்டுப் போனதுங்க," என்றார் மச்சாண்டார். "குப்பையைப் பிரிச்சா குடும்பமே பிரிஞ்சுபோச்சுன்னு தானுங்க அர்த்தம். எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஊர்ல நாளைக்கு என்னங்க பேசுவாங்க?"

என் வீட்டுக்காரர் மொபெட்டின் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயினில் ஒரு கோளாறும் கிடையாது.

"பெரியவங்க கேட்டுக்கோங்க," என்றேன். "இவிக வயல்ல மஞ்சள் அழுகிப்போச்சுங்க. அழுகின மஞ்சளைப் பொதுக்குழியில போட்டாங்க. அந்தக் குப்பை வந்து எங்க மஞ்சளும் அழுகிருச்சுங்க." வேண்டுமென்றேதான் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி காதைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். கையாலாகாதவர் என்று நான் திட்டியிருந்தால்கூட மச்சாண்டாருக்கு அவ்வளவு வலித்திருக்காது. முகம் கறுத்துப்போய் எழுந்தார். "நல்லா இருங்க அம்மணி," என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஆசீர்வாதம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் எனக்குப் பேரும் விழுந்தது. குப்பையைப் பிரிச்சவ.

அவ்வளவு பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்ட குப்பையாவது ஒழுங்காக இருந்ததா என்றால், அதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆசையில் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது. சூடேறவே இல்லை. ஈ மொய்த்தது. நாற்றம் குழியைவிட மோசமாக அடித்தது. ஓரகத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேலியோரம் மூன்று நடை நடந்தாள், தண்ணீர்க் குடத்தை வெறுமனே தூக்கிக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் பார்த்துவிடுவாள் என்று மண்வெட்டியை எடுத்தேன். மொத்தக் குவியலையும் பிரித்துப் பரப்பி, வெயில் காட்டி, சோளத்தட்டை வெட்டிப் போட்டு, காய்ந்த இலையும் கிளைரிசிடியா தழையும் சாணியுமாக மறுபடி அடுக்கினேன். உள்ளங்கை கொப்புளித்தது. மச்சாண்டாரை நினைத்துக்கொண்டால் கை வலி தெரியாது. அந்த வகையில் அவர் எனக்கு உதவி செய்தார்.

ஒருநாள் காலையில் குவியலின் உச்சியில் ஆவி போய்க்கொண்டிருந்தது. கடப்பாரையை உள்ளே செருகி வைத்துவிட்டு, பால் கறந்து முடித்து வந்து உருவினேன். பிடிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தொட்டுப் பாருங்க என்றேன். தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"குளிக்கத் தண்ணி இதுலயே காய வெச்சுக்கலாமாட்ட இருக்குது," என்றார்.

அந்த வருஷம் அவர் என் பக்கம் பேசிய முதல் வார்த்தை அது. நான் சிரிக்கவில்லை. ஆனால் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

சூடு இறங்க இறங்கப் புரட்டினேன். மறுபடி ஏறியது, மறுபடி புரட்டினேன். கடைசியில் அது சூடேறுவதை விட்டுவிட்டு, கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த காட்டு மண்ணின் வாசத்துக்கு வந்தது. சாணி எது, தட்டு எது என்று தெரியவில்லை. காலேஜ் பொடியைக் கலந்து, ஈரச் சாக்கால் மூடி வைத்தேன். சில நாளில் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது மேலெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சித்திரையில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. கருமத்தம்பட்டிக்குப் போய்விட்டு, சீர் முடிந்து மூன்றாம் நாள் வந்தேன். பஸ் இறங்கி நடந்து வரும்போதே வயலின் மேற்குப் பாதி உழுது கிடப்பது தெரிந்தது. நாங்கள் யாரும் உழவில்லை. கிட்டே போனேன். உழுத மண்ணில் ஷாம்பூப் பாக்கெட் ஒன்று மினுங்கியது.

மச்சாண்டார் வரப்பில் துண்டை உதறிக்கொண்டு நின்றார். "உங்க பங்குங்க அம்மணி. நீங்க ஊர்ல இல்லீங்களேன்னு நானே எறைச்சு, உழுதும் போட்டேனுங்க. நீங்க பிரிச்சாலும் நான் பிரிக்கலீங்க. ஒரு கூடை கொறைக்கலீங்க."

 ஊரே பார்க்க உபகாரம் செய்திருக்கிறார். நான் கத்தினால் நன்றிகெட்டவள் நான்தான். உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம்தான் கத்தினேன். "அண்ணன் ஆசையாச் செய்யறேன்னாரு, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்றார். அந்த ஆசைக்குள் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அண்ணனிடம் முகத்தை முறிக்க வராது, அவ்வளவுதான். எனக்கு முறிக்க வரும். கிழக்குப் பாதியை யாரும் தொடுவதற்குள் என் குப்பையையும் வேப்பம்புண்ணாக்கையும் இறைத்து முடித்தேன். போகப் போக இரண்டு பாதிக்கும் நடுவே வடிகாலும் எடுத்தேன். என் குப்பை கிழக்குப் பாதிக்குத்தான் போதுமாக இருந்தது. விதை மஞ்சளை வேறொரு தோட்டத்தில் பார்த்துப் பார்த்து வாங்கினேன். இரண்டு பாதிக்கும் ஒரே விதை, ஒரே நாள் நடவு, ஒரே தண்ணீர்.

ஆவணி வரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மச்சாண்டார் காலையில் வரப்போரம் நடந்து போகும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு போவார். நானும் தூங்காமல் கிடந்தேன். புரட்டாசியில் மேற்குப் பாதி வெளிறியது. முதலில் அங்கங்கே, பிறகு மொத்தமாக. கிழக்குப் பாதி பச்சையாகவே நின்றது. நடுவில் யாரோ கயிறு பிடித்துக் கோடு போட்டதுபோல் இருந்தது. ரோட்டில் சைக்கிளில் போகிறவர்கள் கால் ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பஞ்சாயத்துக்கு வந்த பெரியவரும் ஒருநாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார்.  நான் அன்றைக்கு அவருக்குக் காபி கொடுக்கவில்லை.

ஆனால் என் பாதியிலும் ஒரு மூலை போயிற்று. வாய்க்கால் வந்து வயலுக்குள் விழுகிற மடைவாய்க்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மஞ்சளித்தது. இழுத்தால் கையோடு வந்தது. ஐப்பசி மழையில் மேல்தோட்டத்துத் தண்ணீர் பெருகி இறங்கியபோது அது இரண்டு பாயாகிவிட்டது. வாய்க்காலில் ஏறி மேலே பார்த்தேன். மேல்தோட்டத்தில் ஒரு பச்சை இலைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. அந்தச் செத்த வயலைக் கழுவிக்கொண்டுதான் என் தண்ணீர் வருகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தையில் கிழக்குப் பாதியை வெட்டினோம். என் வீட்டுக்காரர் லீவு போட்டு வந்திருந்தார். கிழங்கு திரண்டு, விரலி விரலியாகப் பிரிந்து, மண்ணோடு கனத்து வந்தது. ஒரு தூரை எடுத்துத் தட்டி, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்த லைன் ஊட்டை வேற ஆளுக்கு உட்டுட்டாங்களாம்," என்றார். விட்டால் நல்லது என்றேன். "அடுத்த வருசம் முழு வயலும் இப்படி வந்தா நாம எதுக்குப் போறம்?" என்றார். ஆக, கெடு இன்னும் ஒரு வருஷம் நீண்டது. அதற்குமேல் இறங்கிவர அவருக்கும் மனசு வரவில்லை.

இந்த முறை குவியலைப் பெரிதாகப் போட்டேன். ஊரில் யார் சருகை எரித்தாலும் ஓடிப்போய் வாங்கி வந்தேன். குப்பையைப் பிரித்தவள் இப்போது ஊர்க் குப்பையெல்லாம் சேர்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். சித்திரையில் வயல் முழுக்கப் போட்டு, நாலைந்து வண்டி மிஞ்சும் அளவுக்கு வெந்து ஆறிக் கிடந்தது.

அப்போதுதான் மச்சாண்டார் வந்தார். வெறும் வண்டியைக் கட்டிக்கொண்டு, வேலித் தடத்தைச் சுற்றி, என் கட்டுத்தரைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஆள் மெலிந்திருந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"அம்மா சொன்னதுங்க அம்மணி. குப்பை பொதுங்க. உங்க பங்கை நான் எந்த வருசமும் நிறுத்துனதில்லீங்க. எம்பட பங்கைக் குடுங்க."

இந்த நாளுக்காக நான் எவ்வளவோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். மாடு கழுவும்போது, குப்பை புரட்டும்போது எல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். போய் உங்கள் குழியில் அள்ளிக்கொள்ளுங்கள் என்பதில் தொடங்கி, தறிக்கார வீட்டுக் குப்பை உங்கள் மண்ணுக்கு ஆகுமா என்பது வரைக்கும். வாயைத் திறந்தேன். அவர் தலைக்குப் பின்னால் வாய்க்கால் தெரிந்தது. மேல்தோட்டத்திலிருந்து இறங்கி, வளைந்து, என் மடைவாயில் வந்து முடிகிற வாய்க்கால். மேலே அவர் வயல் அழுகிக்கொண்டே இருந்தால் கீழே நான் எத்தனை குவியல் வேகவைத்தாலும் வருஷத்துக்கு ஒரு பாய் பறிபோகும். நாலு வருஷத்தில் நான் லைன் வீட்டில் இருப்பேன். இந்த மனுஷன் பிழைத்தால்தான் என் வயல் பிழைக்கும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"அந்தக் குழியை மண்ணைப் போட்டு மூடோணும்," என்றேன்.

அவர் மாட்டின் திமிலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

"இனி எறங்கிப்போனதை எரிச்சே ஆகோணும்."

மாட்டுக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் அதற்குத் தலையாட்டினார்.

"உங்க வயல்ல மஞ்சளுக்கு என்னாச்சுன்னு சொல்லுங்க. சொன்னா வண்டியில ஏத்தறேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி நின்றிருந்தாள். இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். எறங்கி, என்று ஆரம்பித்தார். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். மாடு காலை மாற்றி வைத்தது.

"அழுகிப்போச்சு," என்றார்.  "மூணு வருசமா அழுகிப்போச்சு அம்மணி."

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இரக்கமும் வரவில்லை. அவர் மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கூடையை எடுத்து, கறுப்பாக உதிர்ந்த குப்பையை நானே அள்ளி, அவர் வண்டியில் முதல் கூடையைக் கொட்டினேன்.

"மொத வண்டியை வாய்க்காலோரமாப் போடுங்க மாமா," என்றேன். "பொறவுதான் மத்த எடமெல்லாம்."